மேனிங் ரேஞ்சர்ஸ் 1997-ல் பிறக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்கத் தமிழர்களைப் பற்றித் தங்கள் இதழின் நவம்பர் சிறப்புப் பக்கங்களில் வெளிவந்த நீண்ட கட்டுரையை இருமுறை படித்தேன். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 342 பேருடன் டர்பன் கரையைத் தொட்டதில் தொடங்கி, கரும்புத் தோட்டங்கள், மாரியம்மன் கோயில்கள், தைப்பூசக் காவடி, மாலைநேரப் பாடசாலைகள் என்று கட்டுரையாளர் மிகுந்த அக்கறையுடன் எழுதியிருந்தார். ஆனால் எங்கள் விளையாட்டைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு வாக்கியந்தான் கிடைத்திருக்கிறது. சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த மேனிங் ரேஞ்சர்ஸ் என்னும் கால்பந்து அணி 1997-ல் நாட்டின் முதல்தர லீகை வென்று, சில ஆண்டுகளில் இருந்த இடம் தெரியாமல் மறைந்தது என்பதே அது. அதில் ஆண்டு சரி, வெற்றியும் சரி. எஞ்சியவற்றைப் பற்றி, அந்த அணியின் ஆட்டங்களை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில், சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்தருள வேண்டுகிறேன்.

மேனிங் ரேஞ்சர்ஸ் கழகத்தை ஜி. ஆர். நாயுடு என்பவர் 1928-ல் டர்பனில் நிறுவினார். இந்தியர்களைக் குடியேற்ற நிறவெறி அரசு பிற்பாடு அமைத்த சாட்ஸ்வொர்த் என்னும் குடியிருப்பே அன்று கிடையாது; அந்தக் குன்றுகளில் இந்தியக் குடும்பங்கள் வாழையும் காய்கறியும் பயிரிட்டுக்கொண்டிருந்தன. ஆகவே ரேஞ்சர்ஸின் கதையைச் சாட்ஸ்வொர்த்திலிருந்து தொடங்குவது, வேறிடத்திலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கப்பட்ட ஒருவனை, இறக்கிய இடத்திலேயே பிறந்தவன் என்று பதிவேட்டில் எழுதிவைப்பது போன்றது. இந்தப் பிழை கட்டுரையாளருடையது மட்டுமன்று. இங்கே பிறந்து வளர்ந்த என் பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

1928-கூடத் தொடக்கமில்லை. கிம்பர்லியில் வணிகம் செய்துவந்த சாம் சைனா என்பவரின் பெயரால் 1903-லேயே தென்னாப்பிரிக்க இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் கோப்பை ஒன்று உருவாயிற்று. நேட்டால், டிரான்ஸ்வால், கிரிக்குவாலேண்ட் மேற்கு என்று மாகாணத்துக்கு மாகாணம் இந்தியர்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்ட அந்தப் போட்டி, அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. காந்தியடிகள் இந்நாட்டில் வாழ்ந்த காலத்தில் ‘சாத்வீக எதிர்ப்பாளர்கள்’ என்ற பெயரிலேயே கால்பந்து அணிகள் இருந்தன என்பது தங்கள் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். 1921-22-ல் ஆல்பர்ட் கிறிஸ்டோபர் தலைமையில் தென்னாப்பிரிக்க இந்தியர்களின் அணி ஒன்று கப்பலேறி இந்தியாவுக்கே சென்று ஆடித் திரும்பியது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும், கடனாளியாகத் திரும்பாமல் ஆட்டக்காரர்களாகத் தாய்நாட்டில் கால்வைத்த அந்தப் பயணத்தைப் பற்றித் தமிழில் யாரேனும் விரிவாக எழுதியிருந்தால், எனக்கு அது இன்றுவரை கிட்டவில்லை.

நான் பிறந்தது மேகசீன் பேரக்ஸில். டர்பன் நகராட்சி தன்னிடம் வேலை பார்த்த இந்தியர்களுக்காகச் சோம்ட்செயூ சாலையருகே கட்டிய வரிசைக் குடியிருப்பு அது. குடியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழரும் தெலுங்கருமே. ஓர் அறையில் எட்டுப் பேர், வரிசைக்கு ஒரு தண்ணீர்க் குழாய், பொதுக் கழிப்பறை என்பதுதான் வாழ்க்கை. ஆனால் அந்த வரிசைகளுக்குள் நாடக சபை இருந்தது, பஜனை மடம் இருந்தது, தமிழ்ப் பாடசாலை இருந்தது, ஒன்றுக்கு மேற்பட்ட கால்பந்து அணிகளும் இருந்தன. வீதி கூட்டுபவர்களும் சாக்கடை வேலை செய்பவர்களும் சனிக்கிழமை நண்பகல் வேலை விட்டதும், கைகால் கழுவிக்கொண்டு சீருடை மாட்டிப் புறப்படுவார்கள். என் தகப்பனார் ஆட்டக்காரர் அல்லர். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் ஓர் அணிக்குக் கணக்கெழுதினார். அந்த நோட்டு இன்றும் என்னிடம் உள்ளது. தமிழில், மைதொட்டு எழுதும் பேனாவால், பவுனும் ஷில்லிங்கும் பென்ஸுமாக எழுதப்பட்டது. பூட்ஸ் தைத்த கூலி இவ்வளவு, பந்துக்கு உள்பை வாங்கிய வகையில் இவ்வளவு, அடிபட்டுப் படுத்த ஆளுக்கு ஒரு வாரச் சம்பளத்துக்கு ஈடாகச் சந்தா பிரித்துக் கொடுத்தது இவ்வளவு. ஒரு பக்கத்தின் ஓரத்தில், ‘கோல்காரனுக்குக் கல்யாணம், தேங்காய் பழம் 4 ஷில்லிங்’ என்றிருக்கிறது. இந்த வகைக் கழகங்களின் வரிசையில் வந்ததுதான் ரேஞ்சர்ஸும். பணக்காரர் ஒருவர் விலைக்கு வாங்கி நடத்திய நிறுவனமாக அது தொடங்கவில்லை.

இந்த அணிகளெல்லாம் கூடுமிடம் கரீஸ் ஃபவுன்டன் மைதானம். நகரத்துக்குக் குடிநீர் தந்த ஊற்று ஒன்றின் பெயரைத் தாங்கிய அந்த நிலம், 1920களிலிருந்து இந்தியர்களின் விளையாட்டுத் திடலாக விளங்கியது. ‘கரீஸுக்குப் போகிறேன்’ என்றால் போதும், எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். பெண்கள் பிரம்புக் கூடைகளில் மீலி என்னும் அவித்த சோளக்கதிரும் வேர்க்கடலையும் சமோசாவும் கொண்டுவந்து விற்பார்கள். நேட்டால் வெயிலில் மேடையின்றி, நிழலின்றி, மேட்டில் நின்றே ஆட்டம் பார்ப்போம். தமிழ் வசவுகளில் பாதியை நான் அங்கேதான் கற்றேன் என்பதைப் பாடசாலையில் எனக்குத் திருக்குறள் கற்பித்த ஆசிரியர் அறிந்திருந்தார். அவரும் எனக்குச் சற்றுத் தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார்.

அந்த மேட்டில் நின்ற எவருக்கும், ஆட்டத்தின் முடிவை மைதானம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பது தெரியும். 1950-ல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டம், யார் எங்கே வாழலாம் என்பதோடு யார் எங்கே பந்து உதைக்கலாம் என்பதையும் வரையறுத்தது. 1959-ல் வெள்ளையர்களுக்கு மட்டுமான தேசியக் கால்பந்து லீக், இந்நாட்டின் முதல் தொழில்முறை லீகாகத் தொடங்கியது; அதன் முதலாண்டு வெற்றியாளர் எங்கள் நகரத்தின் டர்பன் சிட்டி. நகரம் எங்களுடையது, அணி எங்களுடையது அன்று. இருந்தும் எங்கள் பெரியப்பா அந்த ஆட்டங்களைப் பார்க்கக் கிங்ஸ்மீடுக்குப் போய், நம்மவர்களுக்கென்று ஒதுக்கியிருந்த மூலையில் நின்றுவிட்டு வருவார். அதற்காக அப்பா அவரோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு. இருவருமே கால்பந்துப் பைத்தியங்கள் என்பதால், யார் சரி என்று எங்களுக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் என்று தனித்தனியாக இருந்த தேசியச் சங்கங்கள் 1951-ல் ஒன்றுகூடித் தென்னாப்பிரிக்கக் கால்பந்து ஃபெடரேஷனை அமைத்திருந்தன. டர்பன் வழக்கறிஞர் ஜார்ஜ் சிங் முதலானோர் ஃபிஃபாவின் கதவை விடாமல் தட்டினார்கள். அதன் விளைவாகவும் உலக அரங்கில் எழுந்த எதிர்ப்பினாலும் வெள்ளையர் சங்கம் 1961-ல் இடைநீக்கம் செய்யப்பட்டது. 1963-ல் தடை விலகி, 1964-ல் மீண்டும் விழுந்து, 1976-ல் முழுமையாக வெளியேற்றப்பட்டது. இடைநீக்கம் வந்த அதே 1961-ல், நிறபேதமற்ற தென்னாப்பிரிக்க சாக்கர் லீக் பிறந்தது. டர்பனின் ஏசஸ் யுனைடெட், அவலான் அத்லெடிக் முதலிய நம் கழகங்களோடு ஒர்லாண்டோ பைரட்ஸும் மொரோக்கா ஸ்வாலோஸும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன. பேரக்ஸ் பையன்களாகிய நாங்கள், எங்களை இத்தனை காலம் எவரிடமிருந்து பிரித்துவைத்திருந்தார்களோ அவர்களை முதன்முதலாகக் கரீஸில்தான் அருகிலிருந்து பார்த்தோம். அவர்களுடைய பெயர் சொல்லிக் கத்தவும் செய்தோம்.

அந்த லீகை ஒழிக்க அரசு தனிச் சட்டம் ஒன்றும் இயற்றவில்லை. மைதானங்களைப் பூட்டியது, அவ்வளவே. ஜோகன்னஸ்பர்க்கின் நேட்டால்ஸ்புரூட் மைதானத்தில் 1963 ஏப்ரலில் நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. ஆட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டு வாயில்கள் பூட்டப்பட்டிருந்தன. கோல் கம்பங்கள்கூட அகற்றப்பட்டிருந்தன. வந்திருந்த ஏறத்தாழ 15,000 பேர் வேலியேறி உள்ளே இறங்கினார்கள். எங்கிருந்தோ மரக்கழிகளைக் கொண்டுவந்து கோல் கம்பங்களாக நட்டார்கள். ஆட்டம் நடந்தது. ஆனால் ஒவ்வொரு வாரமும் வேலியேறி ஒரு தொழில்முறை லீகை நடத்த முடியாது. வாயிற்சீட்டு விற்காமல் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? நகராட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திடல் மறுக்க, 1960களின் பிற்பகுதிக்குள் அந்த லீக் மூச்சடங்கியது. கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில்தான் மேகசீன் பேரக்ஸையும் காலி செய்தார்கள். எங்கள் வரிசை சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தபோது, வீதிகளுக்குப் பெயர்கூட இல்லாமல் யூனிட் எண்ணும் வீட்டெண்ணுமாக இருந்தது. ஒரே அணியில் ஆடியவர்கள் மூன்று யூனிட்டுகளில் சிதறிப்போனார்கள். பேரக்ஸ் அணிகள் பலவற்றை எந்தச் சட்டமும் தடைசெய்யவில்லை. பயிற்சிக்கு வர இரண்டு பேருந்து மாற வேண்டியிருந்ததே அவற்றை முடித்துவைத்தது. அப்பாவின் கணக்கு நோட்டின் கடைசிப் பதிவும் நாங்கள் குடிபெயர்ந்த ஆண்டுக்குரியதே.

1969-ல் ஃபெடரேஷன் தொழில்முறை லீக் என்ற பெயரில் இரண்டாம் முயற்சி தொடங்கியது. மேனிங் ரேஞ்சர்ஸ், பெரியா, வெருலம் சபர்ப்ஸ், டர்பனுக்கு வெளியே கேப் டவுன் ஸ்பர்ஸ், சான்டோஸ் என்று இந்தியரும் கலப்பினத்தவருமே பெரும்பான்மையாக ஆடிய லீக் அது. 1973-ல் அமைந்த தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றம், இயல்பற்ற சமுதாயத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்ற முழக்கத்தை முன்வைத்தது. எதிர்முகாமில், அதாவது நிறவெறி அரசு ஏற்ற லீகுகளில், ஆடுபவனோடு எந்த உறவும் கூடாது என்ற கடுமையான விதியும் அதனுடன் வந்தது. வாசகர்கள் இதன் எடையை உணர வேண்டும். 1970களின் இறுதியில் வெள்ளையர் லீக் கலைந்து, கலப்பு லீகில் பெரிய பணமும் தொலைக்காட்சியும் வந்த பிறகு, ஃபெடரேஷனில் ஆடுவதென்பது சாதாரண நாள்வேலையைப் பார்த்துக்கொண்டு சனிக்கிழமை ஆடுவதாகவே இருந்தது. டர்பன் சிட்டி 1982-லும் 1983-லும் அந்தக் கலப்பு லீகை வென்றபோது, நம் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் நியூ கிங்ஸ்மீடுக்குப் போனார்கள். போனவர்களைத் துரோகி என்று சொன்ன திருமண வீடுகளை நான் அறிவேன். பள்ளி ஆசிரியனான நானும் அந்நாளில் அந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தியவன்தான். நிறவெறி லீகைப் புறக்கணித்தது சரியென்றே இன்றும் கருதுகிறேன். இருபது வயது ஆட்டக்காரன் ஒருவன் பிழைப்புக்காகக் கடந்து போனதை அந்தச் சொல்லால் அளந்தது சரியில்லை என்றும் கருதுகிறேன்.

இத்தனைக்கும் பிறகுதான் கட்டுரையாளர் குறிப்பிட்ட அந்த ஆண்டு வருகிறது. 1992-ல் தென்னாப்பிரிக்கா மீண்டும் ஃபிஃபாவில் சேர்ந்தது. 1996-ல் பிரிமியர் சாக்கர் லீக் உருவாகி, அதன் முதல் பருவத்திலேயே, 18 அணிகளுக்கிடையில், கைசர் சீஃப்ஸையும் ஒர்லாண்டோ பைரட்ஸையும் பின்னுக்குத் தள்ளி, கோர்டன் இகேசுண்டின் பயிற்சியில் மேனிங் ரேஞ்சர்ஸ் 34 ஆட்டங்களில் 74 புள்ளிகளுடன் பட்டம் வென்றது. சொவெட்டோவின் அந்த இரு பெருங்கழகங்களுக்கும் நாடு முழுவதும் இலட்சக்கணக்கில் ரசிகர்கள். எங்களுக்கு இருந்தது சாட்ஸ்வொர்த் விளையாட்டரங்கமும், பீனிக்ஸிலிருந்தும் வெருலத்திலிருந்தும் டோங்காட்டிலிருந்தும் வேன் பிடித்து வந்தவர்களும்தான். ‘மைட்டி மௌலர்ஸ்’ என்று செல்லப்பெயர் சொல்லி அன்று தொண்டை கிழியக் கத்தியவர்களில், 1963-ல் கரீஸின் மேட்டில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று நான் சுற்றிலும் தேடினேன். தலை நரைத்த ஐந்தாறு பேர் கண்ணில் பட்டார்கள். மறு ஆண்டு, ஆப்பிரிக்கக் கண்டத்தின் சாம்பியன்ஸ் லீகில் குழு ஆட்டங்கள் வரை ரேஞ்சர்ஸ் முன்னேறி, அபிஜானின் அசெக், மொராக்கோவின் ராஜா காசபிளாங்கா, தான்சானியாவின் யங் ஆஃப்ரிக்கன்ஸ் ஆகியவற்றோடு மோதியது.

அந்த அணியின் பெயர்களைப் படித்துவிட்டு, இதில் நம்மவர் எங்கே என்று என்னிடம் கேட்ட தமிழ்நாட்டு நண்பர் ஒருவருண்டு. நியாயமான கேள்வியே. ஏதென்ஸில் பிறந்த ஜார்ஜ் கூமந்தராகிஸ், பின்னாளில் பயிற்சியாளராகவும் பெயர் பெற்ற கிளின்டன் லார்சன், ஜிம்பாப்வேயின் இன்னொசன்ட் சிக்கோயா என்று செல்லும் பட்டியலில் நாயுடுவும் பிள்ளையும் கோவிந்தரும் தேடினாலும் அரிது. கூமந்தராகிஸ் பிறகு சுவிட்சர்லாந்துக்குச் சென்று பாசெல் அணியில் ஆடினார். 2002 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுக்காகக் களமிறங்கினார். இகேசுண்டோ, ரேஞ்சர்ஸ் உட்பட நான்கு வெவ்வேறு கழகங்களை லீக் பட்டத்துக்கு இட்டுச்சென்று, தேசிய அணிக்கும் பயிற்சியாளர் ஆனார். நாயுடு ஒருவர் 1928-ல் இந்தியருக்கென்று தொடங்கிய கழகத்தின் சட்டையைக் கிரேக்கரும் ஜூலுக்களும் ஜிம்பாப்வேக்காரரும் அணிந்து வென்றார்கள் என்பதில் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. கரீஸில் நாங்கள் கேட்டதே அதுதான். ஆனால் நம் பிள்ளைகள் ஏன் தொழில்முறை ஆட்டத்திலிருந்து விலகிப்போனார்கள் என்ற கேள்வி தனியே இருக்கிறது. பெற்றோர்களாகிய நாங்கள், 1970களுக்குப் பின் மருத்துவமும் கணக்கியலும் எட்டும் தூரத்தில் வந்ததும், மகன் பந்துப்பையைத் தொட்டால் முகம் சுளித்தோம் என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி, ‘மறைந்தது’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ரேஞ்சர்ஸ் மறையவில்லை. விற்கப்பட்டது. முதல்தர லீகிலிருந்து கீழிறங்கி, கடனில் மூழ்கி, 2006-ல் திவாலாகிக் கழகம் கலைக்கப்பட்டபோது, கடன்காரர்களுக்கு மதிப்புள்ள பொருளாக எஞ்சியது ஒன்றே ஒன்று. லீகில் ஆடும் உரிமை. அதைக் கேப் டவுனைச் சேர்ந்த ஃபிடென்ஷியா என்ற நிதி நிறுவனம் வாங்கி, ஃபிடென்ஷியா ரேஞ்சர்ஸ் என்று பெயரிட்டது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம், சுரங்கத் தொழிலாளர்களின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் உரிய நிதி காணாமற்போன விவகாரத்தில் சிக்கிச் சரிந்தது; கழகம் இகாப்பா ஸ்போர்ட்டிங் என்று மறுபடியும் பெயர் மாறியது. 78 ஆண்டுக் கழகத்தின் பெயரிலிருந்து முதலில் ‘மேனிங்’ போயிற்று, பிறகு ‘ரேஞ்சர்ஸ்’ போயிற்று. பழைய படங்களையும் கோப்பைகளையும் ஆட்டப் பதிவேடுகளையும் கேட்டு வாங்க யாருக்கும் தோன்றவில்லை, ஏனெனில் விற்பனைப் பத்திரத்தில் அவற்றுக்கு விலையில்லை.

இந்த வழக்கம் எங்கள் மாகாணத்துக்குப் பழகிப்போன ஒன்று. டர்பனின் அமாஜூலு கழகம் 2017-ல் முதல்தர லீகுக்கு மேலே வந்தது, இரண்டாம்நிலை லீகில் பட்டம் வென்று தகுதி பெற்ற தாண்டா ராயல் ஜூலுவின் இடத்தை விலைக்கு வாங்கித்தான். 1979-ல் தொடங்கிய பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் மாரிட்ஸ்பர்க் யுனைடெட் 2018-ல் நாட்டின் நெட்பேங்க் கோப்பை இறுதியாட்டம் வரை வந்து, ஃப்ரீ ஸ்டேட் ஸ்டார்ஸிடம் ஒரே கோலில் தோற்றது. 2023-ல் கீழிறங்கியது. 2024-ல் டர்பனுக்கு இடம்பெயர்ந்து டர்பன் சிட்டி என்ற பெயர் பூண்டது. 2025-ல் முதல்தர லீகுக்கு மீண்டும் ஏறியது. ஆடுவது எங்கே தெரியுமா? சாட்ஸ்வொர்த் விளையாட்டரங்கில்.

மகிழ்ச்சியா என்று கேட்டால், ஆட்டத்துக்குப் போகிறேன், கைதட்டுகிறேன், வீட்டிலிருந்து நடக்கும் தூரம். ஆனால் மாரிட்ஸ்பர்க்கின் நார்த்டேலில் வசிக்கும் என் மைத்துனர், ஹாரி க்வாலா அரங்கின் வாயிலைத் தாண்டிப் பேருந்தில் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். 2006-ல் எங்களிடமிருந்து எடுத்துப் போனார்கள் என்று நான் புலம்பினேன். 2024-ல் அவரிடமிருந்து எடுத்து என் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதற்குச் சூட்டிய பெயரோ, எங்கள் பெரியப்பா மூலையில் நின்று பார்த்த கழகத்தின் பெயர். புதிய நிர்வாகத்தின் மீது எனக்குக் குறையில்லை, சட்டப்படி வாங்கியிருக்கிறார்கள், அணியை நன்றாகவும் நடத்துகிறார்கள். என் கோரிக்கை லீகின் விதியைப் பற்றியது. ஆடும் உரிமை கைமாறும்போது, கழகத்தின் பெயரும் வெற்றிப் பட்டியலும் ஆவணங்களும் பிறந்த ஊரிலேயே, ஏதேனும் ஒரு பொது அமைப்பின் பொறுப்பில் தங்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் வாங்குபவருக்கு ஒரு ராண்டும் நட்டமில்லை.

அந்த விதி வரும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 2028-ல் மேனிங் ரேஞ்சர்ஸ் தொடங்கி நூறாண்டு ஆகிறது. டர்பனில் 1860 மரபு மையம் இருக்கிறது. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. லீடர், கிராஃபிக் ஆகிய வார இதழ்களின் பழைய விளையாட்டுப் பக்கங்களில் ஆட்ட முடிவுகள் ஆங்கிலத்தில் புதைந்திருக்கின்றன. ஆனால் அணிகளின் உள்வாழ்க்கை, யார் சந்தா கொடுத்தார், யார் பூட்ஸ் தைத்தார், யாரை எந்தச் சண்டையில் நீக்கினார்கள் என்பதெல்லாம் என் அப்பாவின் நோட்டைப் போன்ற குறிப்புகளில் தமிழிலும் தெலுங்கிலும் இருக்கும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. சாட்ஸ்வொர்த்தில் ஒவ்வொரு முறை ஒரு முதியவர் காலமாகும்போதும், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அலமாரியைக் காலி செய்து பழைய தாள்களைக் குப்பை வண்டியில் ஏற்றுகிறார்கள். படிக்கத் தெரியாத எழுத்து என்பதால் பேரப்பிள்ளைகள் அதைப் புரட்டிப் பார்ப்பதும் இல்லை. தங்கள் இதழ் டர்பனிலும் படிக்கப்படுகிறது. இணையவழியாக ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்துவிட்ட எங்கள் பிள்ளைகளுக்கும் எட்டுகிறது. பேரக்ஸ் அணிகள், கரீஸ் ஆட்டங்கள், ஃபெடரேஷன் லீக் ஆகியவற்றைப் பற்றிய படம், ஆட்டச் சீட்டு, கணக்கு நோட்டு எதுவாயினும் வைத்திருப்போர் அதை மேற்சொன்ன மையங்களில் ஒன்றுக்கு நகலாகவேனும் அளிக்குமாறு தாங்கள் ஒரு வேண்டுகோள் வெளியிட முடியுமா? கட்டுரையாளரும் தம் எழுத்தில் இந்தப் பகுதியைச் சேர்க்க விரும்பினால், கரீஸில் ஆடியவர்களில் இன்னும் நினைவு தெளிவாக உள்ள மூவரிடம் அவரை அழைத்துச் செல்ல ஆயத்தமாக இருக்கிறேன். மூவரும் எண்பதைத் தாண்டியவர்கள் என்பதால் மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்பாவின் நோட்டில் 22 பக்கங்களை நகலெடுத்து இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். ஏழாம் பக்கத்தில் பூச்சி அரித்த இடத்திலிருப்பது ‘ரேஞ்சர்ஸ்கூட ஆட்டம், 3-1 தோல்வி, லாரி வாடகை பாக்கி’ என்று நினைக்கிறேன். அந்தக் கையெழுத்தில் ழகரமும் மகரமும் ஒன்றுபோலவே இருக்கும். தங்கள் அலுவலகத்தில் பழைய கையெழுத்துப் படிக்க வல்லவர் எவரேனும் இருந்தால் சரிபார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.